அக்காவுக்காக அளந்த இரண்டு நகரங்கள்

அமெரிக்க விசா லொத்தர் குலுக்கலில் அக்கா குடும்பத்தின் பெயர் விழுந்த வருடம் நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அக்கா வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு அறை அனெக்ஸில் இருந்தாள். அக்கா, அத்தான், அவர்களுடைய சின்ன மகள் மூவருக்குமாக எடுத்த வீடு. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து அத்தானின் அப்பா அம்மா வந்தார்கள். அதற்குப் பிறகு அத்தானின் தங்கையும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர், ஒரு குளியலறை.

விசாவுக்கு நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அமெரிக்காவில் எந்த முகவரியில் வசிக்கப் போகிறீர்கள் என்று கேட்கும் கட்டம். அவர்களிடம் இரண்டு முகவரிகள் இருந்தன. அத்தானோடு படித்த ஒருவர் சிக்காகோவில் இருந்தார். அக்காவோடு தட்டச்சு வகுப்புக்குப் போன சிநேகிதி ஒருத்தி ஹூஸ்டனில் இருந்தாள். இருவருமே, வாருங்கள், வேலை கிடைக்கும்வரை எங்களோடு இருக்கலாம் என்று கடிதம் போட்டிருந்தார்கள். அத்தான் சிக்காகோ என்றார். அக்கா ஹூஸ்டன் என்றாள். ஏன் என்று கேட்டால் இருவருமே சரியாகச் சொல்லவில்லை. அத்தான், "அங்க ட்ரெயின் இருக்கு" என்பார். அக்கா, "அங்க குளிர் இல்ல" என்பாள். இரண்டு வாரமாக இதே கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அங்கே போயிருந்தபோது அக்கா படிவத்தைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"நீதானே ஜோக்ரபி டீச்சர். எது நல்லம் எண்டு நீயே பாத்துச் சொல்லு. அடுத்த வெள்ளிக்குள்ள இத அனுப்ப வேணும்."

"ஓம், நீரே சொல்லும். நீர் சொன்னா நான் மறுக்க மாட்டன்" என்றார் அத்தான்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வியாழக்கிழமைக்குச் சொல்றன்" என்றேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சிக்காகோவையோ ஹூஸ்டனையோ வரைபடத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. அது ஒரு குறையாக எனக்குப் படவே இல்லை. ஒரு நகரத்தை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியும், அளந்துவிட்டால் விடை வந்துவிடும் என்று நம்பினேன்.

கொள்ளுப்பிட்டியில் நான் வழக்கமாகப் போகும் நூலகத்தில் அமெரிக்க அட்லஸ்களும் ஆண்டு நூல்களும் இருந்தன. திங்களும் செவ்வாயும் பாடசாலை விட்டதும் அங்கே போய் உட்கார்ந்தேன். கொப்பியில் மூன்று பத்தி போட்டேன்: அடர்த்தி, வளர்ச்சி, கவர்ச்சி. முதல் இரண்டும் சுலபமாக நிரம்பின. சிக்காகோ ஏரிக்கரையில் நெருக்கிக் கட்டிய பழைய நகரம். வீட்டோடு வீடு, மாடிக்கு மேல் மாடி. ஆனால் பல வருடங்களாக அந்த நகரத்துக்குள் இருந்த சனம் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஹூஸ்டன் அதற்கு நேர்மாறு. ஒரு சதுர மைலில் சிக்காகோவில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. நிலம் கிடக்கிற பக்கமெல்லாம் நகரம் ஓடிக்கொண்டிருந்தது, சனமும் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. புதன்கிழமை ட்ரேசிங் பேப்பர் கொண்டுபோய் இரண்டு நகரங்களையும் பிரதி எடுத்தேன். சனம் நெருங்கியிருக்கிற இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். நகரம் வளர்கிற திசைக்கு நீல அம்பு போட்டேன். ஒன்றின் தலைப்பில் 'சி' என்றும் மற்றதில் 'எச்' என்றும் ஆங்கில எழுத்து மட்டும் போட்டேன். எனக்கு விளங்கினால் போதும்தானே.

கவர்ச்சி என்ற பத்தி மட்டும் காலியாகவே கிடந்தது. அதை பஸ்ஸில் யோசிக்கலாம் என்று வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன்.

பம்பலப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள். யுத்த காலத்தில் வழக்கமான விஷயம். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். ஒரு பெண் கான்ஸ்டபிள் என் பையைத் துழாவி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடி, கொப்பியைப் புரட்டினாள். ட்ரேசிங் பேப்பர் இரண்டும் நழுவி அவள் கையில் விழுந்தன. ஒன்றை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மே மொனவாத?" என்றாள். இதெல்லாம் என்ன?

"நகரங்களின் படம். நான் டீச்சர்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவள் என்னை வரிசையிலிருந்து ஒதுக்கி நிறுத்தினாள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் திருப்பியிருக்கிறேன்.

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு வாங்கில் இருத்தினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக யாரும் என்னோடு கதைக்கவில்லை. பயந்ததை மறைக்க மாட்டேன். ஆனாலும் பிழை எதுவும் செய்யவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதை எந்தப் பாஷையிலும் சொல்ல என்னால் முடியும் என்றும் தெரியும். கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்குச் சிங்களம் தெருவில் விளையாடிப் பழகிய பாஷை.

பிறகு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட மனிதர். நித்திரை போதாத முகம். மேசையில் என் அடையாள அட்டையும் கொப்பியும் வரைபடங்களும் கிடந்தன.

"விலாசம் கொட்டாஞ்சேனை. தகப்பன் என்ன வேலை?"

"துறைமுகத்தில் கிளார்க். போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார்."

அவர் பென்சிலால் ஒரு வரைபடத்தின் தலைப்பைத் தொட்டார். "சி. மற்றதில் எச். கொழும்புக்கு சி. ஹார்பருக்கு எச். சரியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, குண்டு வைக்கிற இடங்களைக் குறித்த படம் என்று நினைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் கிடந்த படத்தை எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே கொழும்புதான். இடது பக்கம் நீளமான கரை, கரையோரமாகச் சிவப்புப் புள்ளிகள், வடக்கே போகப் போகப் புள்ளிகள் நெருங்கி வந்தன. எங்கள் வீடு இருக்கிற பக்கம்! என் கை வரைந்த படத்தைக் கண்டு எனக்கே திகில் பிடித்தது. பேப்பரைக் குப்புறப் போட்டிருந்தார்கள். மெல்லிய பேப்பர், கோடுகள் பின்பக்கமும் தெளிவாகத் தெரிந்தன. 'சி' என்ற எழுத்து மட்டும் திரும்பிக் கிடந்தது. ஒரு எழுத்து திரும்பிக் கிடப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

"சேர், தயவுசெய்து அந்தப் பேப்பரை மறுபக்கம் திருப்புங்கள்."

அவர் திருப்பினார்.

"கொழும்புக்குக் கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"மேற்கு" என்றார், கோபத்தோடு.

"இந்தப் படத்தில் தண்ணீர் கிழக்கில் இருக்கிறது. இது கடல் இல்லை, ஏரி. இது சிக்காகோ. எச் என்றது ஹூஸ்டன். கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறேன்."

கொப்பி தமிழில் இருந்தது. பத்தி பத்தியாக அவருக்கு வாசித்துச் சொன்னேன். அடர்த்தி என்றால் என்ன, அம்பு எதற்கு, புள்ளி எதற்கு, அக்கா குடும்பம் அமெரிக்கா போகப் போவது, எல்லாம். கரும்பலகை மட்டும்தான் இல்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் உள்ளே வந்து கேட்டாள். இடையில் அவர் எங்கள் பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்தார். அதிபரான கன்னியாஸ்திரி மறுமுனையில் நீளமாக ஏதோ சொன்னார். அவர் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஹரி மதர், ஹரி" என்றார். சரி மதர், சரி.

வைத்துவிட்டு, "மிஸ்ஸின் அக்கா வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார். அந்தப் பகுதியில் ஒவ்வொரு வீடும் ஆட்களின் பெயரை எழுதிக் கொடுத்துப் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம். எனக்கு மறுபடியும் பயம் தட்டியது.

"ஒன்பது பேர், சேர். எல்லாரும் பதிந்திருக்கிறார்கள்."

"எத்தனை அறை?"

"இரண்டு."

"அப்படியென்றால் சிக்காகோ அவ்வளவு நெருக்கம் இல்லை" என்றார். சிரித்தாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார்கள். கொப்பியைத் தந்தார்கள், வரைபடங்களை வைத்துக்கொண்டார்கள். நான் எழும்பும்போது அவர் சொன்னார்: "மிஸ், இனிமேல் படம் கீறினால் ஊரின் பெயரை முழுதாக எழுதுங்கள்." அதுதான் என்னைச் சுட்டது. தலைப்பு இல்லாமல், வடக்குக் காட்டாமல் படம் கீறிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் புள்ளி வெட்டுகிறவள் நான்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர ஐந்து மணியாகிவிட்டது. நான் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட செய்தி எனக்கு முன்னமே வந்துசேர்ந்திருந்தது. எங்களை அடையாளம் தெரிந்த யாரோ கடையில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உனக்கு விசரா? படம் கீறிக்கொண்டு பஸ்ல வாறியே!"

"ஒண்டும் நடக்கல அக்கா. பாடம் எடுத்திட்டு வாறன், அவ்வளவுதான்."

அத்தான் தேத்தண்ணீர் கொண்டுவந்து கையில் தந்தார். அந்த வீட்டில் தனியாகக் கதைக்க இடம் கிடையாது. அதனால் நாங்கள் மூவரும் கடற்கரைக்கு இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, கருங்கற்களில் உட்கார்ந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் ஒன்று எங்களுக்குப் பின்னால் கடந்தது. கதவில் தொங்கிக்கொண்டும் சனம் போனது. அக்கா திரும்பி அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

"சரி, ரெண்டு பேரும் கேளுங்கோ" என்றேன். "அடர்த்தி, வளர்ச்சி ரெண்டும் முடிஞ்சிது. கவர்ச்சிதான் எனக்கு வருதில்ல. அத நீங்கள்தான் சொல்ல வேணும். ட்ரெயின், குளிர் எண்டு சொல்லாம உண்மையச் சொல்லுங்கோ."

முதலில் அக்காதான் வாயைத் திறந்தாள். ரயில் போன திசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மகள் வயித்துல இருக்கேக்க நான் ட்ரெயின்லதானே வேலைக்குப் போனனான். ஒரு நாள் காலையில, கால் வைக்க இடமில்ல. யாரோ 'பார்சல்' எண்டு கத்தினாங்கள். அவ்வளவுதான். குண்டெண்டு நினைச்சு எல்லாச் சனமும் எனக்கு மேலால போச்சு. நான் கம்பியப் பிடிச்சுக்கொண்டு வயித்தப் பொத்திக்கொண்டு நிண்டன். கடைசியில அது யாரோட சோத்துப் பார்சலோ. அண்டையில இருந்து சனத்தக் கண்டா நான் ஆளப் பாக்கிறதில்ல, பையத்தான் பாக்கிறன். எத்தின பை, ஆர்ட கையில, ஆரும் இல்லாம ஒரு பை கிடக்குதா எண்டு. எனக்குச் சனம் இல்லாத ஊர் வேணும். அவ்வளவுதான்."

அத்தானுக்கு இது தெரியாது. அவர் முகத்தில் அது தெரிந்தது. ஏழு வருடம் ஒன்றாக இருந்தும் அவள் சொல்லவில்லை. மாமியார் மாமனார், பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற வீட்டில் எந்த நேரத்தில் சொல்வது என்று நான் பின்னர் யோசித்துப் பார்த்தேன்.

அவர் ஒரு சின்னக் கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மற்றப் பக்கம்" என்றார். "நான் யாழ்ப்பாணத்தில வேலை செய்யேக்க, ஒரு காலமை சைக்கிளில போறன். றோட்டில ஒருத்தரும் இல்லை. நானும் ஏதோ யோசினையில போறன். கடையெல்லாம் பூட்டு. ஒரு நாய்கூட இல்லை. சந்திக்கு வரேக்கதான் எனக்கு உறைச்சுது, எல்லாருக்கும் ஏதோ தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும்தான் தெரியேல்லை எண்டு. அதுக்குப் பிறகு ஷெல் வரத் தொடங்கிச்சுது. பின்னேரம் வரைக்கும் வாய்க்காலுக்குள்ள கிடந்தனான். இண்டைக்கும் ஒரு றோட்டில இறங்கினா, கடை திறந்திருக்கோ, சனம் போகுதோ எண்டுதான் முதல்ல பாப்பன். சனம் இருந்தா எனக்குப் பயமில்லை. வெறும் றோட்டைக் கண்டாத்தான்…" அவர் கல்லைக் கடலில் எறிந்தார்.

நான் கொப்பியைத் திறந்து வைத்தபடி இருந்தேன். ஒரே யுத்தம். அது ஒருத்திக்குச் சனத்தைப் பயமாக்கியிருந்தது. இன்னொருவருக்கு வெறுமையைப் பயமாக்கியிருந்தது. மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு சதுர மைலில் எத்தனை தலை என்று எழுதிய எனக்கு, அந்தத் தலைகளைக் கண்டால் ஒருவருக்கு ஆறுதலா நடுக்கமா என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அத்தான் சொன்னார்: "அப்ப ஹூஸ்டனுக்கே போவம்."

அக்கா உடனே திரும்பினாள். "ஏன்? நீங்கள் அங்க பயந்துகொண்டே இருக்கிறதுக்கா? சிக்காகோவுக்குப் போவம்."

"வேண்டாம். நீர் ட்ரெயின் ஏற மாட்டீர்."

"நான் ட்ரெயின் ஏறாம நடந்து போறன். உங்களுக்கென்ன?"

இரண்டு வாரம் தன் தன் ஊருக்காகச் சண்டை பிடித்தவர்கள் இப்போது ஊரை மாற்றிக்கொண்டு சண்டை பிடித்தார்கள். அது இன்னும் மோசம். தனக்காகக் கேட்கிறவரை வெல்லலாம். மற்றவருக்காகக் கேட்கிறவரை வெல்லவே முடியாது. இருட்டத் தொடங்கிவிட்டது. நான் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போக வேண்டும், அதுவும் அன்றைக்கு.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ" என்றேன். "நான் சொல்றன் எண்டுதானே சொன்னனீங்கள்? ஹூஸ்டன்."

"ஏன்?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"பயத்த வச்சு ஊர் தெரிவுசெய்ய ஏலாது. எங்க போனாலும் ரெண்டு பேரில ஒருவர் பயப்படத்தான் போறீங்கள். அப்ப மிச்சம் இருக்கிறது வளர்ச்சி. அத்தான், நீங்கள் கட்டடத்துக்குப் படம் கீறுறவர். சனம் வந்துகொண்டிருக்கிற ஊரில வீடு கட்டுவாங்கள், கடை கட்டுவாங்கள், பள்ளிக்கூடம் கட்டுவாங்கள். எல்லாத்துக்கும் படம் கீற ஆள் வேணும். சனம் குறையுற ஊரில இருக்கிற கட்டடமே போதும். அங்க போய் நீங்கள் என்னத்தக் கீறுறது?"

அத்தான் எழும்பினார். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார்.

வீட்டுக்கு ஏறி வந்து, மாமனார் ரேடியோச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த மேசையின் மூலையில் படிவத்தை வைத்து, அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன். ஊரின் பெயரை முழுதாக எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து அவர்கள் போனார்கள். நான் சொன்னது பலித்தது. அங்கே போய் ஐந்தாவது மாதமே அத்தானுக்கு ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இங்கே கையால் கீறியவர் அங்கே கம்ப்யூட்டரில் கீறப் பழகினார். ஆனால் கவர்ச்சியில் நான் போட்ட கணக்கு பிழையாகிப்போனது. பயப்படுவார் என்று நான் நினைத்த அத்தானுக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. நாற்பது வயதில் கார் ஓட்டப் பழகியவர், முதல் மாதங்களில் வெறும் தெரு வந்தால் காரை நிறுத்திவிட்டு, வேறு ஒரு கார் வரும்வரை காத்திருப்பாராம். அப்படி ஒரு நாள் நிறுத்தியபோது, தெருவோர வீட்டிலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்து, வண்டி பழுதா, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நிறுத்துவது குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அவரைக் கேட்டால், வெறும் தெருவிலும் கதவுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது என்பார்.

அக்காதான் தவித்தாள். தனிச் சமையலறை, தனிக் குளியலறை, யாரும் கதவு தட்டாத பகல்கள். முதல் வருடம் வந்த ஒவ்வொரு தொலைபேசியிலும், "இங்க ஆளே இல்லையடி" என்றாள். சனம் இல்லாத ஊர் கேட்டவள்! நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. கடைசியில் தானே போய் ஒரு பெரிய துணிக்கடையில் காசாளராகச் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் நீள வரிசை நிற்குமாம். "பையப் பாக்கிறியா?" என்று ஒரு தரம் கேட்டேன். "பையத் தூக்கித்தானே நான் சாமான் போட்டுக் குடுக்கிறன், விசரி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டுப் பல வருடமாகியிருந்தது.

வெள்ளவத்தை அனெக்ஸில் ஆறு பேர் மிஞ்சினார்கள். மூன்று வருடம் கழித்து அக்கா எனக்கும் வழி பார்ப்பதாகச் சொன்னாள். எந்த ஊர் வேண்டும், நீயே அளந்து சொல்லு என்றாள். நான் அளக்கவில்லை. எனக்கு இங்கே வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது, பாடத்திட்டத்தில் பாதி மிச்சம் கிடந்தது. முடித்துவிட்டு யோசிக்கிறேன் என்றேன். அந்த வருடம் முடிந்து அடுத்த வகுப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அக்கா கேட்பதை விட்டுவிட்டாள். நான் இங்கேயே இருந்தேன், விரும்பித்தான் இருந்தேன்.